நெல்லில் குலை நோய் எதிர்ப்பு மரபணுவைக் கண்டறிந்து நல்ல ரகத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

ஒரு நெல் ரகம், பூஞ்சையால் வரும் குலை நோயைத் தாங்கும் என்று விதைப் பையில் அச்சிட்டிருந்தால், படித்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தப் பூஞ்சையை, எந்த ஊரில், எந்தப் பருவத்தில் தாங்கியது? நோய் எதிர்ப்பின் பாதி நெல்லின் மரபணுவில் இருக்கிறது. மறுபாதி பூஞ்சையின் மரபணுவில் இருக்கிறது. பூஞ்சையைப் பார்க்காமல் நெல்லை மட்டும் ஆராய்ந்து எடுக்கும் முடிவுகள் அடுத்த மாவட்டத்திலேயே பொய்த்துப்போவதுண்டு. அதனால் இந்த வழிகாட்டியில் பூஞ்சைக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

பயிர்ப் பெருக்கத்திலும் பயிர் நோயியலிலும் ஆய்வைத் தொடங்கும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆய்வக வசதி இல்லாத விவசாயிகளும் முதல் இரண்டு படிகளையும் கடைசிப் படியையும் படித்தால், ரகங்களைப் பற்றிச் சொல்லப்படுவதைச் சரிபார்க்க அவை உதவும்.

படி 1: வந்திருப்பது குலை நோய்தானா?

இலையில் இரு முனையும் கூர்மையாக, நடுப்பகுதி சாம்பல் நிறமாக, ஓரம் பழுப்பாக இருக்கும் கண் வடிவப் புள்ளிதான் குலை நோயின் அடையாளம். செம்புள்ளி நோயின் புள்ளிகள் எள் போலச் சிறியவை, முட்டை வடிவானவை. சத்துக் குறைந்த வயலில் அவை இலை முழுக்கப் பரவிக் கிடக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். குலை நோய்ப் பூஞ்சை கணுவைத் தாக்கினால் கணு கறுத்து ஒடியும். கதிரின் கழுத்தைத் தாக்கினால் கழுத்து கறுத்து, மணிகள் பதராகி, கதிர் தொங்கிவிடும். மகசூலைப் பெரிதும் அழிப்பது இந்தக் கழுத்துக் குலைதான்.

1919இல் தஞ்சாவூர் டெல்டாவில் இந்நோய் கடுமையாகப் பரவியது. இந்தியாவில் குலை நோய் பெரிதாகக் கவனிக்கப்பட்டது அதற்குப் பிறகே. 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம், நோயைத் தாங்கிய கோ 4 ரகத்தை ஆடுதுறை 10 உடன் கலந்து கோ 25 ரகத்தை உருவாக்கியது. டிஎன்ஏ என்றால் என்னவென்று தெரியாத காலத்திலேயே நம் மண்ணில் நடந்த எதிர்ப்புப் பெருக்க வேலை அது.

படி 2: பூஞ்சை உள்ளே நுழையும் விதத்தையும் நெல் எதிர்க்கும் விதத்தையும் புரிந்துகொள்ளுதல்

பூஞ்சையின் பெயர் மாக்னபோர்தே ஒரைசே. பைரிகுலேரியா ஒரைசே என்றும் அழைப்பார்கள். அதன் வித்து ஈரமான இலையில் ஒட்டி முளைக்கிறது. முளையின் நுனியில் குமிழ் போன்ற ஓர் உறுப்பு உருவாகிறது. அதன் சுவரில் மெலனின் என்ற கறுப்பு நிறமி படிகிறது. உள்ளே கிளிசரால் சேர்கிறது. தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு அழுத்தம் 8 மெகாபாஸ்கல் வரை உயர்கிறது. கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 40 மடங்கு. அந்த அழுத்தத்தில் ஒரு நுண்ணிய ஊசி இலையின் மேல்தோலைத் துளைக்கிறது. டிரைசைக்ளசோல் மருந்து இந்த மெலனின் உருவாவதைத்தான் தடுக்கிறது. அதனால்தான் நோய் வருமுன் தெளித்தால் நன்றாக வேலை செய்யும் அந்த மருந்து, பூஞ்சை உள்ளே போய்விட்ட பிறகு பெரிய பலன் தருவதில்லை.

நெல்லின் பாதுகாப்பு இரண்டு அடுக்குகள் கொண்டது. முதல் அடுக்கு செல்லின் வெளிப்புறத்தில் இருக்கிறது. பூஞ்சையின் சுவரில் உள்ள கைட்டின் துணுக்குகளை செபிப் என்ற ஏற்பிப் புரதம் பிடித்து, செர்க்-1 என்ற புரதத்துடன் சேர்ந்து அபாயத் தகவலை உள்ளே அனுப்புகிறது. பூஞ்சை இதற்கும் வழி வைத்திருக்கிறது. எஸ்எல்பி-1 என்ற புரதத்தைச் சுரந்து, அந்தக் கைட்டின் துணுக்குகளை நெல்லுக்கு முன்பாகத் தானே பற்றிக்கொள்கிறது.

இரண்டாவது அடுக்கு செல்லுக்குள் இருக்கிறது. நாம் எதிர்ப்பு மரபணு என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை இந்த அடுக்கைச் சேர்ந்தவை. நோயைப் பரப்பப் பூஞ்சை செல்லுக்குள் செலுத்தும் புரதங்களில் ஒன்றை இவை அடையாளம் காணும். கண்டதும் அந்தச் செல் தன்னையே அழித்துக்கொள்ளும்; உயிருள்ள செல்லில் வாழப் பழகிய பூஞ்சை அங்கேயே முடங்கிவிடும். இலையில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளிகளை மட்டும் பார்த்தால், அது நோய் என்று கவலைப்பட வேண்டாம். எதிர்ப்பு வேலை செய்த தடம் அது.

நெல்லின் ஒரு மரபணுவுக்குப் பூஞ்சையின் ஒரு மரபணு என்ற இந்தப் பொருத்தத்தை, அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளி விதைப் பயிரின் துரு நோயை ஆராய்ந்த ஹெரால்டு ஃபுளோர் 1940களில் கண்டறிந்தார். குலை நோய்க்கும் அதுவே அடிப்படை. நெல்லின் 12ஆம் குரோமோசோமில் உள்ள பிஐ-டா என்ற குலை நோய் எதிர்ப்பு மரபணு 2000இல் தனியே பிரித்தெடுக்கப்பட்டபோது தெரியவந்த ஒரு விவரம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. எதிர்க்கும் ரகத்துக்கும் நோய்க்கு ஆளாகும் ரகத்துக்கும் இடையே தீர்மானமான வேறுபாடு, அந்தப் புரதத்தின் 918ஆவது இடத்தில் இருக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம். அங்கே அலனின் இருந்தால் எதிர்ப்பு உண்டு. செரின் இருந்தால் இல்லை.

சில மரபணுக்கள் இணையாக வேலை செய்கின்றன. பிஐ-கே வகையில் இரண்டு புரதங்கள் உண்டு. பூஞ்சைப் புரதம் வழக்கமாகக் குறிவைக்கும் நெல் புரதத்தின் ஒரு பகுதி, அவற்றில் ஒன்றுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. பூஞ்சைப் புரதம் அதைப் பற்றியதும் மாட்டிக்கொள்கிறது. இணைப் புரதம் எதிர்ப்பைத் தொடங்குகிறது. ஆர்ஜிஏ-4, ஆர்ஜிஏ-5 என்ற இணையும் இதே விதம்தான்.

இந்த இடத்தில் நம் கோ 39 ரகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கோயம்புத்தூரில் பிறந்த இந்த ரகம், உலகெங்கும் குலை நோய் ஆய்வுகளில் நோய்க்கு எளிதில் ஆளாகும் ஒப்பீட்டு ரகமாகப் பயன்படுகிறது. ஆனால் அதற்குள்ளும் ஓர் எதிர்ப்பு மரபணு இருக்கிறது! அது அடையாளம் காணும் ஏவிஆர்1-கோ39 என்ற பூஞ்சைப் புரதம், நெல்லைத் தாக்கும் இனங்களில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. வேறொரு புல்லைத் தாக்கிய பூஞ்சையிலிருந்துதான் அது கண்டெடுக்கப்பட்டது. மரபணு இருந்தும், அது தேடும் புரதம் பூஞ்சையிடம் இல்லாததால் பயனில்லாமல் கிடக்கிறது.

படி 3: உங்கள் பகுதியின் பூஞ்சையைச் சேகரித்தல்

பலரும் தாண்டிச் செல்லும் படி இதுதான். நேரமில்லை என்று சொல்லி, கைக்குக் கிடைத்த ஒரு பூஞ்சை வளர்ப்பை வைத்தே ஆய்வு முழுவதையும் முடித்துவிடுகிறார்கள். அப்படிக் கிடைக்கும் முடிவு அந்த ஒரு பூஞ்சைக்கு மட்டுமே பொருந்தும்.

பல வயல்களிலிருந்து, பல ரகங்களிலிருந்து நோயுற்ற இலைகளையும் கழுத்துப் பகுதிகளையும் எடுங்கள். ஈரத்தாளில் வைத்தால் ஓரிரு நாளில் சாம்பல் நிறப் பூஞ்சை எழும். நுண்ணோக்கியின் கீழ் ஒற்றை வித்தைப் பிரித்தெடுத்து, ஓட்ஸ் மாவு சேர்த்த அகர் ஊடகத்தில் வளர்க்க வேண்டும். ஒற்றை வித்து என்பதில் சமரசம் கூடாது. இரண்டு இனங்கள் கலந்த வளர்ப்பு, பின்னால் வரும் எல்லா எண்ணிக்கையையும் கெடுத்துவிடும். வளர்ப்பை வடிதாளில் பரவவிட்டு உலர்த்தி, உறைகுளிரில் பாதுகாக்கலாம். வேறு நாட்டிலிருந்தோ தொலைவான மாநிலத்திலிருந்தோ புதிய இனங்களைக் கொண்டுவந்து திறந்த வெளியில் சோதிக்காதீர்கள். அங்கிருந்து தப்பும் பூஞ்சை அக்கம்பக்கத்து விவசாயிகளின் வயலில்தான் போய்ச் சேரும்.

அடுத்து, ஒவ்வொரு பூஞ்சையும் எந்தெந்த மரபணுவை வெல்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கென்றே ஒற்றை மரபணு வரிசைகள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் ஒரே ஓர் எதிர்ப்பு மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய நெல் வகை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானும் சேர்ந்து, லிஜியாங் சின்துவான் ஹெய்கு என்ற சீன ரகத்துக்குள் 24 எதிர்ப்பு மரபணுக்களைத் தனித்தனியாகச் சேர்த்து இவற்றை உருவாக்கின. கோ 39 ரகத்தின் பின்னணியிலும் இத்தகைய வரிசைகள் உண்டு. உங்கள் பூஞ்சைகளை இவற்றின் மேல் தெளித்துப் பாருங்கள். எந்த மரபணு உங்கள் பகுதியில் நிற்கிறது, எது தோற்றுவிட்டது என்ற அட்டவணை கையில் கிடைக்கும். இனி எடுக்கும் எல்லா முடிவுக்கும் இந்த அட்டவணையே ஆதாரம்.

படி 4: பெற்றோரைத் தேர்ந்தெடுத்தல்

எதிர்ப்புத் தரும் பெற்றோராக வியட்நாமின் டெடெப், பிலிப்பைன்ஸின் தடுகான், மேற்கு ஆப்பிரிக்காவின் மொரோபெரெகான் ஆகியவை புகழ்பெற்றவை. பிஐ-54 மரபணு டெடெப்பிலிருந்து வந்தது. இந்தியாவில் 2005இல் பிரித்தெடுக்கப்பட்டது. பிஐ-9 மரபணு ஒரைசா மினுட்டா என்ற காட்டு நெல்லிலிருந்து வந்தது. பாரம்பரிய ரகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல தலைமுறைகளாக நோய் மிகுந்த இடங்களில் விளைந்து நிலைத்த ரகம் எதையாவது தாங்கியிருக்க வேண்டும்.

நோய்க்கு ஆளாகும் பெற்றோர், மூன்றாம் படியின் எல்லாப் பூஞ்சைகளுக்கும் ஆளாகக்கூடியதாக இருக்கட்டும். கோ 39 ரகத்தையும் மொரோபெரெகானையும் கலந்து உருவாக்கிய வரிசைகளிலிருந்துதான் பிஐ-5, பிஐ-7 ஆகிய இரு பெரிய மரபணுக்களும், சிறிது சிறிதாகப் பங்களிக்கும் பல இடங்களும் 1994இல் வரைபடமாக்கப்பட்டன. மொரோபெரெகானின் எதிர்ப்பு நெடுநாள் நீடித்ததற்கு இந்தச் சிறிய பங்களிப்புகளின் கூட்டும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

படி 5: நோயைச் செயற்கையாக ஏற்றி மதிப்பெண் இடுதல்

மூன்று அல்லது நான்கு இலை விட்ட நாற்றுகள் ஏற்றவை. ஒரு மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ ஒரு லட்சம் வித்துகள் இருக்குமாறு கரைசல் தயாரித்து, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது ஜெலட்டின் சேர்த்து, மெல்லிய பனி போலத் தெளிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க இருட்டில், 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில், இலை ஈரம் காயாமல் வையுங்கள். பிறகு ஈரப்பதம் மிகுந்த வலைக்கூடத்துக்கு மாற்றுங்கள். ஏழாம் நாளில் மதிப்பெண் இடலாம்.

சர்வதேச அளவுகோல் 0 முதல் 9 வரை செல்கிறது. புள்ளியே இல்லாவிட்டால் 0. ஊசிமுனைப் பழுப்புப் புள்ளி மட்டும் என்றால் 1. ஒன்று முதல் இரண்டு மி.மீ. அளவில், பழுப்பு ஓரத்துடன் வட்டமான சிறு புள்ளிகள் என்றால் 2; அவையே மேல் இலைகளிலும் கணிசமாக இருந்தால் 3. மூன்று மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள உண்மையான குலைப் புள்ளி வந்துவிட்டால் 4 தொடங்குகிறது. பாதிக்கப்பட்ட இலைப்பரப்பு கூடக்கூட மதிப்பெண் ஏறும்; 75 விழுக்காட்டுக்கு மேல் என்றால் 9. பெரிய மரபணுவைத் தேடும்போது 3க்கும் 4க்கும் இடையே கோடு கிழிப்பது நல்லது. புள்ளியின் வகை மாறும் இடம் அதுதான்.

ஒவ்வொரு தட்டிலும் கோ 39 நாற்றுகள் இருக்க வேண்டும். அவற்றில் நோய் கடுமையாக வரவில்லை என்றால் அந்தத் தட்டின் முடிவுகள் அனைத்தையும் தள்ளிவிடுங்கள். ஈரம் போதாமல் நோய் வராமல்போன நாற்றை எதிர்ப்புள்ளது என்று பதிவுசெய்வதைவிட மோசமான தவறு இந்த ஆய்வில் இல்லை.

படி 6: விகிதத்தைப் படித்தல்

முதல் தலைமுறைக் கலப்பினம் நோயைத் தாங்கினால் எதிர்ப்பு ஓங்கு தன்மை உடையது; அதாவது, ஒரு பெற்றோரிடமிருந்து வந்த ஒரு பிரதியே போதும். இரண்டாம் தலைமுறையில் பிரியும் விகிதம், எத்தனை மரபணுக்கள் என்பதைக் காட்டும். ஒரே ஓங்கு மரபணு என்றால் 3:1. இரண்டு தனித்தனி ஓங்கு மரபணுக்கள் என்றால் 15:1. இரண்டும் சேர்ந்தால்தான் எதிர்ப்பு என்றால் 9:7.

ஓர் எடுத்துக்காட்டு. 200 செடிகளில் 156 தாங்கின, 44 தாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 3:1 எதிர்பார்ப்பு 150, 50. வேறுபாடு 6, அதன் வர்க்கம் 36. 36ஐ 150ஆல் வகுத்தால் 0.24, 50ஆல் வகுத்தால் 0.72. கூட்டினால் கை வர்க்க (chi-square) மதிப்பு, அதாவது எண்கள் எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு, 0.96. எல்லை மதிப்பான 3.84ஐவிட இது குறைவு, 3:1 பொருந்துகிறது.

பலர் இங்கேயே நிறுத்திக் கட்டுரை எழுதிவிடுகிறார்கள். அதே எண்களை 13:3 விகிதத்துக்குப் போட்டுப் பாருங்கள். எதிர்பார்ப்பு 162.5, 37.5, கை வர்க்கம் ஏறத்தாழ 1.39. இதுவும் பொருந்துகிறது! ஓர் ஓங்கு மரபணுவும், இரு பிரதிகளும் இருந்தால்தான் எதிர்ப்பைத் தரும் ஓர் ஒடுங்கு மரபணுவும் இருந்தாலும் இதே எண்ணிக்கை வரலாம். தீர்ப்பு மூன்றாம் தலைமுறையில்தான். ஒவ்வொரு செடியின் விதையையும் தனிக் குடும்பமாக வளர்த்துச் சோதியுங்கள். ஒரே மரபணு என்றால் முழுதும் தாங்குவது, பிரிவது, முழுதும் தாங்காதது ஆகிய குடும்பங்கள் 1:2:1 என்று வரும். 13:3 என்றால் 7:8:1 என்று வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. ஒரு பருவம் கூடுதலாகும், அதைச் செலவிடுங்கள்.

படி 7: குரோமோசோமில் இடம் கண்டறிதல்

தாங்கிய செடிகள் சிலவற்றின் டிஎன்ஏவை ஒரு கலவையாகவும், தாங்காதவற்றின் டிஎன்ஏவை இன்னொரு கலவையாகவும் சேர்த்து, இரண்டையும் முழுமையாகப் படித்து ஒப்பிடலாம். இரண்டு கலவைகளும் எந்த இடத்தில் பிரிந்து நிற்கின்றனவோ அங்கே மரபணு இருக்கிறது. ஜப்பானின் இவாத்தேயில் உள்ள ஆய்வுக்குழு இம்முறையை 2013இல் வெளியிட்டபோது, குலை நோயின் பகுதி எதிர்ப்பையும் (நோயை முழுதும் தடுக்காமல் குறைக்கும் எதிர்ப்பு) அதில் சோதித்தது. பிறகு குறியீடுகளை, அதாவது இடம் தெரிந்த டிஎன்ஏ அடையாளங்களை, வைத்து எல்லையைச் சுருக்க வேண்டும். மரபணு வரைபடத்தில் தொலைவை அளக்கும் அலகு சென்டிமார்கன். நெல்லில் ஒரு சென்டிமார்கன் தொலைவு சராசரியாக இரண்டரை லட்சம் டிஎன்ஏ எழுத்துகள். அதனால் நூற்றுக்கணக்கான செடிகளாவது இல்லாமல் மரபணுவை நெருங்க முடியாது.

எதிர்ப்பு மரபணுக்கள் கொத்துக்கொத்தாக அமர்ந்திருக்கும். 6ஆம் குரோமோசோமில் பிஐ-2, பிஐ-9, பிஐ-ஜிஎம் ஆகியவை ஒரே கொத்தில் இருக்கின்றன. 11ஆம் குரோமோசோமில் பிஐ-கே வகைகளும் பிஐ-54உம் இருக்கின்றன. நீங்கள் கண்டறிந்த இடம் இவற்றில் ஒன்றில் விழுந்தால், புதிய மரபணு என்று அறிவிக்கும் முன் அந்த இடத்தின் டிஎன்ஏ வரிசையைப் படித்து, தெரிந்தவற்றுடன் ஒப்பிடுங்கள்.

படி 8: நல்ல ரகத்துக்குள் கொண்டுவருதல்

விவசாயிகள் விரும்பும் ரகத்துடன் கலந்து, பிறகு அதே ரகத்துடன் மீண்டும் மீண்டும் பின்கலப்பு செய்வதே வழி. நல்ல ரகத்தின் பங்கு முதல் பின்கலப்பில் சராசரியாக 75, இரண்டாவதில் 87.5, மூன்றாவதில் 93.75 விழுக்காடு. ஒவ்வொரு தலைமுறையிலும் முதலில் மரபணு இருக்கும் செடிகளைப் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு நகலெடுக்கும் சோதனை) மூலம் பிரிக்க வேண்டும். பிஐ-54க்கு உரிய குறியீட்டில் எதிர்ப்பு வடிவம் 216 எழுத்து நீளப் பட்டையாகவும், எதிர்ப்பில்லாத வடிவம் 359 எழுத்து நீளப் பட்டையாகவும் ஜெல்லில் தெரியும். இரண்டு பட்டையும் தெரிந்தால் அது கலப்புச் செடி. பிறகு, மரபணுவுக்கு இருபுறமும் வேண்டாத பகுதி அறுந்த செடிகளைத் தேடுங்கள். கடைசியாக, மற்றக் குரோமோசோம்களில் நல்ல ரகத்தின் பங்கு அதிகமுள்ள செடியை எடுங்கள்.

இருபுறமும் அறுந்த செடிகளைத் தேடும் இந்த நடு வேலையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஜப்பானின் பிஐ-21 அதற்கு நல்ல பாடம். ஒவாரிஹதமோச்சி என்ற மேட்டுநில நெல்லிலிருந்து வந்த இந்த எதிர்ப்பு நெடுங்காலம் நீடித்தது. ஆனால் அதைக் கலந்த ரகங்களின் சோறு சுவையாக இல்லை. 2009இல் 4ஆம் குரோமோசோமில் மரபணுவைத் துல்லியமாகக் கண்டறிந்தபோது காரணம் புரிந்தது. சுவையைக் கெடுக்கும் இன்னொரு மரபணு மிக அருகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய எண்ணிக்கையில் செடிகளைத் தேடி, இரண்டும் பிரிந்த செடியைக் கண்டறிந்த பிறகே நல்ல சோறும் எதிர்ப்பும் ஒன்றாகக் கிடைத்தன. பிஐ-21 ஒடுங்கு மரபணுவும்கூட. அதன் வழக்கமான வடிவம் பாதுகாப்பை மந்தமாக்குகிறது. சில எழுத்துகள் விடுபட்ட வடிவமே எதிர்ப்பைத் தருகிறது. இப்படிப்பட்ட மரபணுவைப் பின்கலப்புச் செடிகளில் நோய் ஏற்றிக் கண்டறிய முடியாது. குறியீடு இல்லாமல் தொடவே வேண்டாம்.

பாசுமதியில் இந்த வழி பலன் தந்திருக்கிறது. 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியம் டிரைசைக்ளசோல் எச்சத்தின் எல்லையைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தபோது, மருந்தைக் குறைக்க உதவும் ரகங்களின் தேவை கூடியது. பூசா பாசுமதி 1 ரகத்துக்குள் பிஐ-9 சேர்த்து உருவான பூசா பாசுமதி 1637 அதற்கு முன்பே, 2016இல், வெளியாகியிருந்தது. 2021இல் வந்த பூசா பாசுமதி 1847, 1885, 1886 ஆகியவற்றில் குலை நோய்க்குப் பிஐ-2, பிஐ-54 என இரண்டும், பாக்டீரியா இலைக்கருகலுக்கு இரண்டும் சேர்க்கப்பட்டன.

படி 9: ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்களைச் சேர்த்தல், வயலில் கண்காணித்தல்

தென் கொரியாவில் 1970களில் அரிசித் தன்னிறைவைக் கொண்டுவந்த டொங்கில் வகை ரகங்களின் எதிர்ப்பை 1978இல் பூஞ்சையின் புதிய இனங்கள் உடைத்தன. ஒரே மாதிரியான ரகங்கள் பரந்த நிலத்தில் நின்றதால் இழப்பு பெரிதாயிற்று. ஒற்றை மரபணுவை நம்பி ஒரு வட்டாரம் முழுவதையும் நிரப்பக் கூடாது. பூஞ்சை அந்த ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

அதனால் மூன்றாம் படியில் தயாரித்த அட்டவணையைத் திறந்து, வெவ்வேறு பூஞ்சைகளைத் தடுக்கும் இரண்டு மரபணுக்களையாவது சேருங்கள். அவற்றுடன் பகுதி எதிர்ப்பையும் சேர்த்தால் இன்னும் நல்லது. இலையில் நிற்கும் எதிர்ப்பு கதிரிலும் நிற்கும் என்று கொள்ள வேண்டாம். மோடான் என்ற ரகத்திலிருந்து வந்த பிபி-1 மரபணு கதிர்க் குலைக்கென்றே ஜப்பானில் நெடுங்காலம் பயன்பட்டிருக்கிறது. சீனாவின் திகு ரகத்தில் பிஎஸ்ஆர்-டி1 மரபணுவின் முன்பகுதியில் ஒரே எழுத்து மாறியிருப்பது பல இனங்களைத் தாங்க உதவுகிறது என்று 2017இல் காட்டினார்கள். குமெய் 4 ரகத்தின் பிஐ-ஜிஎம் இடத்தில், எதிர்ப்புத் தரும் புரதத்தால் மணியின் எடை குறைகிறது. பக்கத்து மரபணு மணி பிடிப்பைக் கூட்டி அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. மகசூல் சோதனை இல்லாமல் எந்த எதிர்ப்பையும் வெளியிடக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம்.

மரபணுவைச் சேர்க்காமலேயே வயலில் பன்மை கொண்டுவரவும் முடியும். சீனாவின் யுன்னானில் 1998, 1999ஆம் ஆண்டுகளில், நோய்க்கு ஆளாகும் பசை நெல்லை எதிர்ப்புள்ள கலப்பின நெல்லுக்கு இடையே நட்டார்கள். தனியாக நட்டதைவிடப் பசை நெல்லில் குலை நோய் 94 விழுக்காடு குறைந்தது. அதன் மகசூல் 89 விழுக்காடு கூடியது.

ரகம் வெளியான பிறகும் வேலை தொடர்கிறது. ஒவ்வொரு பருவமும், நோய் அதிகம் வரும் ஒரு மூலையில் ஒற்றை மரபணு வரிசைகளைக் குறுகிய வரிசைகளாக விதைத்து, சுற்றிலும் கோ 39 நடுங்கள். அந்த மூலையில் நோய் நன்றாக வெளிப்படத் தழைச்சத்தைச் சற்றுக் கூடுதலாக இடுங்கள். உங்கள் ரகத்தில் உள்ள மரபணுவின் வரிசையில் நடு சாம்பலான கண் வடிவப் புள்ளி தோன்றினால், விதை உற்பத்தி செய்பவர்களுக்கு உடனே தெரிவியுங்கள். பிறகு அந்த இலைகளை உறையில் போட்டு, தேதியும் ஊரும் எழுதி, ஒற்றை வித்துப் பிரிப்பிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.